ஊர்க்கதையை வானொலியில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுவட்டார மக்களுக்காகக் கல்லூரி, தொண்டு நிறுவனம் போன்றவை நடத்தும் சிறு வானொலிதான் சமுதாய வானொலி. அதற்குப் பொதுவாகக் கிடைக்கும் ஒலிபரப்புச் சக்தி 100 வாட். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் இரைச்சல்தான். அதனால் கேட்பவர் யார் என்று ஊகிக்க வேண்டியதே இல்லை. பேசுகிறவரின் சித்தப்பா கேட்பார், பேசுகிறவர் பாக்கி வைத்திருக்கும் மளிகைக்கடைக்காரர் கேட்பார், பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். இதை மறந்துவிட்டு, சென்னைக்கும் டெல்லிக்கும் சேர்த்துப் பேசுவது போல நிகழ்ச்சி தயாரிப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

பேச்சைத் திருத்துவதை முதலில் சொல்ல வேண்டும். இந்தியாவில் இந்த வானொலி கல்லூரி வளாகத்தில் பிறந்தது. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கியதுதான் முதல் நிலையம். தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம் என்ற கதவு 2006-ல்தான் திறந்தது. அந்த வகுப்பறைப் பழக்கம் இன்னும் பல இடங்களில் போகவில்லை. ஒரு மீனவர் சோழகம், கொண்டல், கச்சான், வாடை என்று காற்றுக்குப் பெயர் சொல்லிக்கொண்டு போகிறார். மைக் பிடித்த பிள்ளை குறுக்கே புகுந்து, "தெற்குக் காற்று, கிழக்குக் காற்றுன்னு சொல்லுங்க ஐயா, எல்லாருக்கும் புரியும்" என்கிறது. யார் அந்த எல்லாரும்? அலை எட்டுகிற தூரத்தில் இருப்பவர்களில் கடலுக்குப் போகிறவர்களுக்கு இது அன்றாடப் பேச்சு. மற்றவர்களுக்கு இரண்டு முறை கேட்டால் பிடிபட்டுவிடும். ஆனால் ஒருமுறை திருத்திவிட்டால் அந்தப் பெரியவர் அதோடு சரி. அப்புறம் அவர் பேசுவதெல்லாம் மேடைத் தமிழ். கூடுமானவரை வட்டார மொழியிலும் வழக்கிலும் ஒலிபரப்ப வேண்டும் என்று அரசின் வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. தெலங்கானாவின் மச்னூரில் 2008 முதல் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோவும், பாம்பனில் 2016-ல் மீனவர்களுக்கென்று தொடங்கிய கடல் ஓசையும் தங்கள் மக்களின் பேச்சையே பேசிப் பெயர் வாங்கியவை.

அடுத்தது, எப்போது பார்த்தாலும் ஒரே ஆளிடம் போவது. முன்னாள் தலைவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கோயில் கமிட்டிக்காரர். நன்றாகப் பேசுவார்கள், சொன்ன நேரத்துக்கு வருவார்கள், காபிகூட வாங்கித் தருவார்கள். வசதிதான். ஆனால் தேர்த் திருவிழாவைப் பற்றி அப்படி ஒருவரிடம் மட்டும் பேசிவிட்டு, "சாதி பேதமின்றி அனைவரும் கூடி இழுக்கும் தேர்" என்று முடித்தால், தேர் திரும்பாத தெருவில் இருப்பவர்களும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதோடு உங்கள் வானொலியை அவர்கள் அணைத்துவிடுவார்கள். தேர் எந்தெந்தத் தெருவுக்குப் போகும், எதற்குப் போகாது, தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் யார், வடம் எங்கிருந்து வருகிறது, பறையும் தவிலும் வாசிக்கிறவர்களுக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கப் போனாலே நாலு பேரிடம் போயாக வேண்டும், கதை தானாக விரியும். பேசியவர் நாளைக்கும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும் என்பதால், பதிவை அவருக்குப் போட்டுக் காட்டிச் சம்மதம் வாங்காமல் ஒலிபரப்பக் கூடாது. இதில் சலுகையே கிடையாது.

ஆண் குரல் மட்டுமே பதிவாகிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்கள், எந்த நேரத்தில் எங்கே போகிறோம் என்று யோசிக்க வேண்டும். காலையில் டீக்கடை வாசலில் நின்றால் ஆண்கள்தான் கிடைப்பார்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள்.

பல மதத்தார், பல மொழிக்காரர் குரலும் வர வேண்டும் என்றதும் காலண்டரைப் புரட்டுவது இன்னொரு வியாதி. ரம்ஜான் வந்தால் நோன்புக் கஞ்சி, கிறிஸ்துமஸ் வந்தால் கேக். வருஷா வருஷம் அதே அக்காவிடம் அதே கஞ்சிப் பக்குவம். அவர் வீட்டு வாசலிலும் சாக்கடை அடைக்கிறது, அவர் பிள்ளையும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறது. அதைப் பற்றிப் பேச அவரை ஏன் ஒருநாளும் கூப்பிடுவதில்லை? மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் வீடு, திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கும் பீகார் பையன் எல்லாருக்கும் இதே கணக்குதான்.

நாட்டார் பாட்டு பதிவு செய்யப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்பாரி பாடத் தெரிந்த பாட்டியிடம் போய், வீட்டுக்குள் உட்கார்ந்து "ஒரு ஒப்பாரி பாடுங்க" என்றால் பலர் மறுத்துவிடுவார்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி ஆகாது. பாட்டிக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டு கெஞ்சுவதும் பணம் நீட்டுவதும் அசிங்கம். எங்கே பாடினால் தோதுப்படும் என்று அவரிடமே கேளுங்கள். களத்து மேட்டுக்கோ ஊருக்கு வெளியே மரத்தடிக்கோ வரச் சொல்வார். பாடும்போது "ம்ம்", "ஆமாங்க" என்று நீங்கள் முனகினால் அது அப்படியே பதிவில் ஒட்டிக்கொள்ளும், வெட்டவும் முடியாது. தலையை மட்டும் ஆட்டுங்கள். வீட்டில் பேட்டி என்றால் மின்விசிறியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

ஊர் நிர்வாகம் பற்றிய நிகழ்ச்சிகளில் நடப்பது வேறு வகை. சமுதாய வானொலி தானாகச் செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்பக் கூடாது; அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். இந்த விதிக்குப் பயந்து சிலர் குடிநீர், தெருவிளக்கு பக்கமே போவதில்லை. சிலர் எதிர்ப்பக்கம் போய், கவுன்சிலரைத் திட்டும் குரலை அப்படியே போட்டுவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். மனு எழுதுவது எப்படி, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அதை எங்கே கொடுப்பது, ரசீது ஏன் வாங்க வேண்டும் என்று சொல்வதை யாரும் அரசியல் என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டம் முடிந்த மறுநாள் "சிறப்பாக நடைபெற்றது" என்று சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? ஒரு வாரம் முன்னாலேயே, வரவு செலவுக் கணக்கைக் கேட்க உரிமை உண்டு, தீர்மானத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொன்னால் கூட்டம் கூடும்.

கடைசியாகச் சேமிப்பு. ஒலிபரப்பியதை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பலர் நாலாவது மாதம் கணினியில் இடமில்லை என்று அழித்துவிடுகிறார்கள். அழிக்காதவர்களின் கணினியில் "நியூ ரெக்கார்டிங் 7", "ஃபைனல்", "ஃபைனல் ஃபைனல்" என்று கிடக்கும். பாடியவர் பெயர், ஊர், தேதி, என்ன பாட்டு என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள்; ஃபைல் பெயர் மாறினாலும் தகவல் போகாது. ஒரு பிரதியைப் பாடியவர் வீட்டுப் பிள்ளைகளின் வாட்ஸ்அப்புக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.