பங்கு மண்டபத்தில் மாலை ஸ்ரடி: ஓ.எல். (க.பொ.த. சாதாரண தர) பிள்ளைகளுக்குப் படிப்பறை நடத்துவது எப்படி

முதலில் ஒரு கதிரை தேடுங்கள். பிள்ளைகளுக்கு அல்ல, உங்களுக்கு. கை வைத்த, முதுகு நோகாத கதிரையாக இருக்கட்டும். ஒன்றரை மணித்தியாலம் எழும்பாமல் இருக்கப்போவது நீங்கள்தான்.

நான் கொழும்புப் பக்கத்தில், துறவறச் சபையொன்று நடத்தும் தனியார் பள்ளிக்கூடத்தில் 23 வருடம் கணிதம் படிப்பித்தேன். கலவன் பாடசாலை. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஆறாம் தரத்திலிருந்து ஒரே வகுப்பில் இருந்தார்கள். ஓய்வு பெற்றுத் திருகோணமலைப் பாலையூற்றுக்குத் திரும்பிய வருடம் அடுத்த வீட்டுத் தாய் வேலியடியில் நின்று கேட்டா: "அங்க காசு கட்டிப் படிக்கிற பிள்ளையளுக்கு எல்லாம் இருக்கு ரீச்சர். எங்கட பிள்ளையளுக்கு ஆர் இருக்கு?"

அந்தக் கேள்வியை நான் பல நாள் யோசித்தேன். அங்கே ஆய்வுகூடம் இருந்தது, நல்ல நூலகம் இருந்தது. ஆனால் என் வகுப்பில் நின்று பிடித்தது பெரும்பாலும் விடுதிப் பிள்ளைகள்தான். அவர்களில் பலருடைய வீடுகளில் வசதி குறைவு. அவர்களிடம் இருந்ததும் மற்றவர்களிடம் இல்லாததும் ஒன்றே ஒன்று: மாலை ஸ்ரடி, அதாவது எல்லோரும் ஒன்றாக இருந்து பேசாமல் படிக்கும் நேரம். நேரம் மாறாது. ஒரு சிஸ்டர் கடைசி வாங்கில் பேசாமல் இருப்பா. பிள்ளை எழுதிக்கொண்டே இருக்கும். இதற்குக் கட்டணம் தேவையில்லை. ஒரு மண்டபமும் நாள் தவறாத இரண்டு பெரியவர்களும் போதும்.

எங்கள் ஊருக்கு இது புதிதும் இல்லை. இங்கே முதலில் பிரெஞ்சு இயேசு சபைக் குருமாரும், பிறகு லூசியானாவிலிருந்து வந்த அமெரிக்கக் குருமாரும் படிப்பித்தார்கள். அவர்களுடைய சபை 1599இல் வெளியிட்ட கல்வி ஒழுங்கிலேயே, அன்று படித்ததை அன்றே திரும்பச் சொல்ல வேண்டும், சனிக்கிழமை கிழமை முழுவதும் படித்ததைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. 1960, 1961 சட்டங்களால் மிசன் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை அரசிடம் போய்விட்டன. 'றோ.க.த.க. பாடசாலை' என்ற பெயர்ப்பலகைகள் மட்டும் இன்னும் பல ஊர்களில் நிற்கின்றன. அந்த இரண்டாவது 'க' கலவன். பெயர் நிலைத்தது போல அந்தத் திரும்பச் சொல்லும் பழக்கமும் நிலைத்திருக்கலாமே என்று எனக்கு ஆதங்கம்.

இனி வேலைக்கு வருவோம். தேவாலயத்தின் பங்கு மண்டபத்தைப் பாதரிடம் கேட்கும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தெந்த நாள், எத்தனை மணி, திறப்பு யாரிடம், கரண்ட் பில்லுக்கு யார் பொறுப்பு. வாய்ப்பேச்சில் விட்டால் முதலாவது கலியாண வரவேற்போடு ஸ்ரடி நின்றுவிடும்.

நேரம் மாலை 6.15 முதல் 7.45 வரை. ஆறு மணிக்குத் தேவாலயத்தில் திரிகாலச் செப மணி அடிக்கும். அந்த மணியே பிள்ளைகளை வீட்டிலிருந்து கிளப்பும். திங்கள் முதல் வியாழன் வரை வைத்து, சனிக்கிழமை காலையில் வினாத்தாள் வையுங்கள். வெள்ளி வேண்டாம். சைவப் பிள்ளைகள் அன்று கோயிலுக்குப் போவார்கள், மற்றப் பிள்ளைகளுக்கும் ஒரு மாலை ஓய்வு வேண்டும். எங்களிடம் சைவ, இஸ்லாமியப் பிள்ளைகளும் வருவதால் தொடக்கத்தில் ஒரு நிமிட மௌனம் மட்டும். அவரவர் தமக்குத் தெரிந்தபடி வேண்டிக்கொள்ளட்டும்.

பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் எடுக்காதீர்கள். விளக்கு எழுதும் மேசைக்கு மேலே இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் பிள்ளையின் நிழலே கொப்பியில் விழும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தாள்கள் பறக்கும். ஃபானைப் போட்டாலும் பறக்கும், யன்னலைத் திறந்தாலும் பறக்கும். ஆளுக்கொரு கடற்கரைக் கல் வைத்திருக்கிறோம், பெயர் எழுதி. மாரியில் தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சுக் கேளாது. அந்த நாளை முழுக்க எழுத்து நாளாக்கிவிடுங்கள். வளவின் வெளிக்கதவைச் சாத்தி வையுங்கள். நகரத்து மான்கள் எங்கே வேண்டுமானாலும் வரும். ஒருமுறை வாசலில் வைத்திருந்த பையிலிருந்து திருத்திய விடைத்தாள்களை ஒரு மான் இழுத்துத் தின்றுவிட்டது. நான்கு பிள்ளைகளின் உழைப்பு அது.

ஆண் பக்கம், பெண் பக்கம் என்று மண்டபத்தைப் பிரிக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்பார்கள். நான் மறுத்தேன். 23 வருடம் கலவன் வகுப்பில் நின்ற எனக்குத் தெரியும்: பிரித்து வைத்தால் இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பெயரின் முதலெழுத்து வரிசையில் இருத்துங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஆனால் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: எப்போதும் இரண்டு பெரியவர்கள் மண்டபத்தில் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண். மண்டபக் கதவு திறந்தே இருக்க வேண்டும் (சாத்தச் சொன்னது வளவின் வெளிக்கதவை). வந்த நேரமும் போன நேரமும் கொப்பியில் பதிய வேண்டும். போன்கள் எல்லாம் ஒரு மலிபன் பிஸ்கட் தகரத்துக்குள் போகும். என்னுடையதும்தான்.

முதல் இருபது நிமிடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனிக் கொப்பி. அன்று பள்ளியில் நடந்த ஒரு பாடத்தை, புத்தகத்தைத் திறக்காமல், நினைவிலிருந்து எழுத வேண்டும். ஆறு ஏழு வரி போதும். விஞ்ஞானம் என்றால், 'விசை = திணிவு × ஆர்முடுகல்' என்று எழுதி, தள்ளுவண்டியோ சைக்கிளோ வைத்துத் தன் சொல்லில் ஓர் உதாரணம். வரலாறு என்றால் யார், எங்கே, ஏன். எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் பிழையையும் சிவப்புப் பேனையால் தானே திருத்த வேண்டும். நீங்கள் திருத்தாதீர்கள். அந்தச் சிவப்புதான் பிள்ளை அடுத்துப் படிக்க வேண்டியது. முதல் கிழமை பல பிள்ளைகள் வெறும் தாளோடு இருப்பார்கள். ஒரு பெண் பிள்ளை அழுதாள், "ரீச்சர், விளங்கினது, ஆனா எழுத வருகுதில்ல" என்று. விளங்கியதற்கும் எழுத வருவதற்கும் இடையில் உள்ள தூரத்தைப் பரீட்சை மண்டபத்தில் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது. படிப்பு வருடத் தொடக்கத்திலேயே நம் மண்டபத்தில் கண்டுபிடிக்கட்டும்.

அடுத்த ஐம்பது நிமிடம் பேச்சில்லாத வேலை, ஒரே ஒரு பாடம். கிழமையில் இரண்டு நாளாவது கணிதம். கடைசி இருபது நிமிடம் கேள்விகளுக்கு. முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கட்டும், அவருக்கும் தெரியாவிட்டால் உங்களிடம் வரட்டும்.

இந்த இடத்தில் நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். தொடங்கிய முதல் மூன்று கிழமையும் சோக்கை எடுத்துக்கொண்டு கரும்பலகையில் நின்றேன். பிள்ளைகளுக்குச் சந்தோசம், எனக்கும் சந்தோசம். தவணைப் பரீட்சையில் ஒருவருடைய புள்ளியும் அசையவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது என் கையை. அவர்கள் கை ஓடவில்லை. ஊரில் ரியூசனுக்குக் குறைவில்லை, இன்னொன்று தேவையே இல்லை. அடுத்த நாள் சோக்குப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். ஒரு பெரியவர் பேசாமல் இருப்பது பெரிய வேலை. பழக வேண்டும்.

சனிக்கிழமைக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் பழைய வினாத்தாள்கள் போதும். திணைக்கள இணையத்தளத்தில் இருந்து இறக்கிக் கொள்ளலாம். கணிதம் முதலாம் தாளுக்கு இரண்டு மணித்தியாலம். அ பகுதியில் 25 சிறு வினா, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. ஆ பகுதியில் 5 வினா, ஒவ்வொன்றுக்கும் 10. அ பகுதிக்கு 50 நிமிடம், ஆ பகுதிக்கு 60, மீதிப் பத்து நிமிடம் சரிபார்க்க என்று பிள்ளைகளின் கையில் எழுதியே விடுவேன். இரண்டாம் தாள் மூன்று மணித்தியாலம், 12 வினாவில் 10. ஒரு வினாவுக்கு 18 நிமிடம். பதினெட்டாவது நிமிடத்தில் நான் கைமணியை ஒருதரம் தட்டுவேன். முடியாவிட்டாலும் அடுத்ததுக்குப் போக வேண்டும். இரண்டு மாதத்தில் மணி தேவைப்படாது, உடம்புக்கே நேரம் தெரிந்துவிடும்.

கணிதம் வராது என்று ஒதுங்கிய பிள்ளைக்கு முழுப் பாடத்திட்டத்தையும் நீட்டாதீர்கள். 35 புள்ளி எடுத்தால் S, அது சித்தி. இரண்டாம் தாளில் வரைபு, இடை காணும் புள்ளிவிபரவியல், கேத்திரகணித அமைப்பு (கவராயம் வைத்து வரைவது), விருத்தி (எண் தொடர்) இவற்றிலிருந்து தொடங்குங்கள். இவற்றில் செய்யும் ஒழுங்கு வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறாது; படிமுறைக்கும் புள்ளி உண்டு. கவராயத்தை ஒழுங்காகப் பிடிக்கப் பழகிய ஒரு பையன் அதிலிருந்துதான் மேலே வந்தான். உயர் தரத்துக்குப் போக முதல்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தி வேண்டும், அதில் குறைந்தது மூன்று பாடத்தில் C (திறமைச் சித்தி) அல்லது அதற்கு மேல். இதைப் பத்தாம் தரத்திலேயே பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கணிதத்தைக் கைவிட்ட பிள்ளைக்கு எட்டு A வந்தும் கதவு திறக்கவில்லை என்றால், அந்த வீட்டுத் துக்கத்தைப் பார்க்க முடியாது.

சமய பாடத்தை யாரும் ஸ்ரடிக்கு எடுத்து வருவதில்லை. கத்தோலிக்க திருமறையோ சைவநெறியோ இஸ்லாமோ, ஞாயிறு வகுப்புக்கு ஒழுங்காகப் போகிற பிள்ளைக்கு அது C இலேசாக வரக்கூடிய பாடம். கடைசி மாதத்தில் கிழமைக்கு ஒரு மாலையாவது அதற்குக் கொடுங்கள்.

எங்களிடம் ஒரு பையன் தினமும் ஏழு மணிக்கு மேசையில் தலை வைத்துவிடுவான். நான் இரண்டு தரம் ஏசினேன். பிறகு தாய் சொல்லித்தான் தெரிந்தது, விடிய முன் தகப்பனோடு கரைவலை இழுக்கப் போகிறவன் அவன். அன்றிலிருந்து அவனுக்கு வேறு ஒழுங்கு. வந்ததும் இருபது நிமிடம் நித்திரை, பிறகு எழுப்பி ஒரு பிளேன்ரீ, பிறகு திரும்ப எழுதும் கொப்பி. பாரமான பாடங்கள் எல்லாம் சனிக்கு. நித்திரை கொள்ளும் பிள்ளையை ஏச முன், காலையில் எத்தனை மணிக்கு எழும்பியது என்று கேளுங்கள். நான் அதைக் கேட்காமல் விட்ட இரண்டு மாலைகளும் இன்னும் எனக்குள் கிடக்கின்றன.

பரீட்சை மாதம் அண்மை வருடங்களில் மாறி மாறி வருகிறது. நேரசூசி வந்ததும் முதல் பாடத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, கடைசி ஆறு கிழமையைச் சுவரில் ஒட்டுங்கள். அடையாள அட்டை பள்ளியூடாக வர நாளெடுக்கும். விண்ணப்பம் போய்விட்டதா என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயர் பெயராகக் கேளுங்கள்.

கடைசி மாலை படிக்க வைக்காதீர்கள். அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு பேனை, கொம்பாஸ் பெட்டிக்குள் கூர்மையான பென்சில், இவை எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பாருங்கள். கவராயத் திருகு தளர்ந்திருந்தால் அங்கேயே இறுக்குங்கள். ஏழு மணிக்கு வீட்டுக்கு அனுப்புங்கள், பெண் பிள்ளைகளைச் சோடி சோடியாக. கொப்பியில் பதினைந்து பெயருக்கும் போன நேரம் விழுந்த பிறகு விளக்கை அணைத்து, திறப்பைப் பாதரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.