எஸ்.எம்.பி.எஸ். போச்சா, மதர்போர்டு போச்சா?

பட்டனை அழுத்தியும் கம்ப்யூட்டர் அசையவில்லையா? புது எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

மெயின் பிளக்கைக் கழற்றிவிட்டு, மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரையும் மற்ற எல்லா இணைப்புகளையும் எடுத்துவிடுங்கள். ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கை மட்டும் லோடுக்காக, அதாவது கொஞ்சம் மின்சாரத்தை இழுப்பதற்காக, மாட்டிவையுங்கள். 24 பின்னில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்து, பிறகு மின்சாரம் கொடுங்கள். எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் 16ஆம் பின்தான் பச்சைக்குரியது.

ஃபேன் சுற்றினாலே நல்லது என்று நம்பிவிடாதீர்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் வைத்து அளக்க வேண்டும்: மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை. ஊதா வயரில் கிளிப் இல்லாமலே 5 வோல்ட் வர வேண்டும். அது வராவிட்டால் பட்டனை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை.

அளவெல்லாம் சரியாக இருந்து, மின்சாரத்தை நிறுத்தி, கிளிப்பை எடுத்து, இணைப்புகளை மீண்டும் மாட்டியும் கம்ப்யூட்டர் ஓடவில்லையா? பிராசஸருக்கான 4 அல்லது 8 பின் கனெக்டரைப் பாருங்கள், அது மாட்டாமல் விட்டுப்போவது சகஜம். அடுத்து ஒரே ஒரு ரேமுடன், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு முயலுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே உள்ள கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.