எதன் மோல்? மோல் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை வியாசர்பாடியில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு மாலை நேரத்தில் வேதியியல் கற்பிக்கிறேன். மோல் கணக்கில் மதிப்பெண் இழந்த விடைத்தாள்களைத் திருப்பிப் பார்த்தால், பெருக்கலும் வகுத்தலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஓர் எண் எந்தப் பொருளைக் குறிக்கிறது, எந்த அலகில் இருக்கிறது என்று எழுதாமல் விட்ட இடத்தில்தான் கணக்கு தடம் மாறியிருக்கும்.

கடையில் போய் "ஒரு டஜன் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால், எதில் ஒரு டஜன் என்றுதான் கடைக்காரர் திருப்பிக் கேட்பார். மோலும் அப்படிப்பட்ட எண்ணிக்கைதான். 2019 மே 20 முதல் அதன் மதிப்பு 6.02214076 × 10²³ என்றே வரையறுக்கப்பட்டுள்ளது. ஒரு மோல் ஆக்சிஜன் அணுக்களின் நிறை 16 கிராம், ஒரு மோல் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் நிறை 32 கிராம். 8 கிராம் ஆக்சிஜன் வாயுவில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்ற வினாவுக்கு 8-ஐ 16-ஆல் வகுத்து 0.5 மோல் என எழுதுபவர், அணுக்களின் கணக்கைப் போட்டுவிட்டு அதற்கு மூலக்கூறு என்று பெயர் வைக்கிறார். சரியான விடை 0.25 மோல், அதாவது ஏறத்தாழ 1.5 × 10²³ மூலக்கூறுகள்.

வாய்ப்பாடு எழுதும்போது அடைப்புக்குறியை அலட்சியப்படுத்தக் கூடாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நீர்த்த சுண்ணாம்பில், அதாவது Ca(OH)₂-இல், ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு உண்டு என்பதால் அதன் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 40 + 2 × 17 = 74 கிராம்; அடைப்புக்குறி இல்லையென்றால் அந்த 2 ஹைட்ரஜனை மட்டுமே சார்ந்து 58 என்ற பொய்யான விடையைத் தரும். கோபால்ட்டின் Co என்ற குறியீட்டில் இரண்டாம் எழுத்தைப் பெரிதாக எழுதினால் அது கார்பன் மோனாக்சைடாகிவிடும். சமன்பாட்டைச் சமன்செய்யும்போது வாய்ப்பாட்டுக்கு முன்னே உள்ள எண்ணை மட்டுமே மாற்றலாம். உள்ளே இருக்கும் சிறிய எண்ணைத் தொட்டால் நீர் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறிவிடும்.

ஆய்வகத்தில் ஒரு மாணவி 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) காப்பர் சல்பேட் கரைசல் 250 மில்லி தயாரிக்க 3.99 கிராம் மயில்துத்தத்தை நிறுத்தாள். 159.5 என்ற மோலார் நிறையை வைத்து அவள் போட்ட கணக்கில் பிழையில்லை. ஆனால் அவள் கையிலிருந்த நீலப் படிகம் ஐந்து நீர் மூலக்கூறுகளையும் சுமந்திருந்தது. அதன் மோலார் நிறை 249.5, தேவைப்பட்டது 6.24 கிராம். அவள் நிறுத்த அளவில் செய்திருந்தால் கரைசலின் செறிவு 0.064 மோலார்தான் இருந்திருக்கும். புட்டியின் சீட்டை முழுவதும் படித்த பிறகே தராசைத் தொட வேண்டும் என்று இதனால்தான் வற்புறுத்துகிறேன். அதேபோல் 250 மில்லி நீரை அளந்து அதில் உப்பைக் கொட்டுவதும் தவறு. சிறிது நீரில் கரைத்து, கழுத்தில் அளவுக்குறி உள்ள திட்டக்குடுவைக்கு மாற்றி, பிறகு குறிவரை நீர் சேர்க்க வேண்டும்.

சேர்மத்தில் உள்ள அணுக்களின் மிக எளிய முழு எண் விகிதத்தைக் காட்டும் எளிய விகித வாய்ப்பாட்டில் அவசரமாக முழு எண்ணாக்குவதே பெரிய பிழை. ஓர் இரும்பு ஆக்சைடில் இரும்பு 70 சதவீதம், ஆக்சிஜன் 30 சதவீதம் என்றால், 70 ÷ 56 = 1.25, 30 ÷ 16 = 1.875, சிறியதால் வகுக்க 1 : 1.5 கிடைக்கும். 1.5-ஐ 2 ஆக்கினால் அப்படியொரு ஆக்சைடே அங்கே இல்லை. இரண்டையும் 2-ஆல் பெருக்கினால்தான் 2 : 3 என்ற உண்மையான விகிதம் வரும்.

சமன்பாட்டின் விகிதம் மோல்களுக்கு உரியது, கிராம்களுக்கு அன்று. 10 கிராம் ஹைட்ரஜனும் 10 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால், முதலில் தீர்வது 0.3125 மோல் மட்டுமே உள்ள ஆக்சிஜன். கிடைக்கும் நீர் 11.25 கிராம், எஞ்சிய ஹைட்ரஜன் 8.75 கிராம்.

ஒரு மோல் வாயுவின் கன அளவான 22.4 லிட்டர் என்பதைத் திரவத்துக்கும் திண்மத்துக்கும் பயன்படுத்தும் பழக்கத்தை அறவே விட வேண்டும்; ஒரு மோல் நீர் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 18 மில்லிதான். வாயுக்களுக்கும் அந்த எண் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் மட்டுமே பொருந்தும். அழுத்தம் 1 பார் என்றால் 22.7 லிட்டர் என்பதால், வினாவில் எந்த அழுத்தம் தரப்பட்டுள்ளது என்பதை அடிக்கோடிட்ட பிறகே எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.