வாஷிங்டன் லாபியிங்: ஆவணங்களைச் சென்னையிலிருந்தே தோண்டுவது எப்படி

அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு நாட்டுக்கு எதிரான தீர்மானம் கமிட்டியிலேயே முடங்கினால், காசு வாங்கிக்கொண்டு உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டும் லாபியிங் வேலையை அதன் பின்னால் யார் பார்த்தார்கள் என்பதை இங்கிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். 1938-இல் வந்த ஃபாரா (வெளிநாட்டு முகவர் பதிவு) சட்டப்படி, வெளிநாட்டு அரசுக்காக அங்கே அரசியல் வேலை பார்க்கும் நிறுவனம், ஒப்புக்கொண்ட 10 நாளுக்குள் அமெரிக்க நீதித் துறையிடம் பதிய வேண்டும். ஆவணங்கள் ஃபாரா இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தூதரகத்தின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், நாட்டை வைத்துத் தேடுங்கள். ஒரே அரசு, தூதரகம், மத்திய வங்கி, சுற்றுலா வாரியம் என்று பல பெயர்களில் ஆள் வைத்திருக்கும். முடிந்துபோன ஒப்பந்தங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

முதலில் ‘எக்ஸிபிட் பி’, அதாவது பதிவோடு இணைக்கப்படும் ஒப்பந்த விவரம். மாதக் கட்டணம், காலம், என்ன வேலை என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் சரக்கு இருப்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாக்கலாகும் துணை அறிக்கையில்தான்: எந்தத் தேதியில், யாரை, மின்னஞ்சலிலா நேரிலா, எதைப் பற்றித் தொடர்புகொண்டார்கள், எவ்வளவு வாங்கினார்கள், யாருக்குத் தேர்தல் நன்கொடை கொடுத்தார்கள். தாக்கலுக்கு மேலும் 30 நாள் அவகாசம் உண்டு. ஆகவே ஜனவரியில் நடந்த சந்திப்பு ஜூலைக் கடைசியில்தான் வெளியே தெரியலாம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஆறு மாதக் கணக்கு அது பதிந்த தேதியிலிருந்து ஓடும். ஒரே காலகட்டம் என்று நினைத்து ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

இந்தத் தேதிகளை எக்ஸெலில் ஏற்றி, பக்கத்திலேயே அமெரிக்க நாடாளுமன்றத் தளத்திலிருந்து மசோதா, இணை ஆதரவாளர், கமிட்டி விசாரணைத் தேதிகளை வையுங்கள். உறுப்பினர் பெயரை மட்டும் தேடினால் பாதி நழுவும். பெரும்பாலான தொடர்புகள் அவருடைய உதவியாளர்களோடும் கமிட்டி ஊழியர்களோடும்தான். வெளியுறவுக் கமிட்டியோடு நிறுத்தவும் கூடாது. இராணுவ உதவிக்கான நிபந்தனைகள் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில்தான் நுழைகின்றன, அல்லது காணாமல் போகின்றன. இலங்கைக்கான நிபந்தனைகளும் அப்படி அதில் வந்தவைதான்.

ஒப்பந்தத் தொகையை மட்டும் வைத்துச் செய்தி எழுதுவது ஆபத்து. 2014-இல் தன் பெயரைச் சீர்செய்ய இலங்கை அரசு இமாத் சுபேரி என்ற அமெரிக்கத் தொழிலதிபருக்கு 65 லட்சம் டாலர் அனுப்பியது. லாபி, விளம்பர, சட்ட நிறுவனங்களுக்குப் போனது 8.5 லட்சத்துக்கும் குறைவு. மிச்சம் அவருக்கும் மனைவிக்கும். ஃபாரா ஆவணத்தில் பொய் சொன்னதையும் அவர் ஒப்புக்கொண்டார். 2021-இல் 12 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதனால் துணை ஒப்பந்ததாரர்களின் அறிக்கைகளையும் தனியே எடுத்துச் சரிபாருங்கள்.

பதிவில் பெயர் இல்லை என்பதால் லாபியிங் நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். தூதரக அதிகாரிகளுக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. பெயர் இருந்தால் அது குற்றமும் இல்லை. பதில் வராத மின்னஞ்சலும் ‘தொடர்பு’ என்றே பதிவாகும். அதை வைத்து ஓர் உறுப்பினரை விலைபோனவராகக் காட்டுவது அநியாயம்.

நம் நாட்டில் இப்படிப் பதிவேடு கிடையாது. 2010-ஆம் ஆண்டின் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை) சட்டப்படி எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. வெளிநாட்டுச் செலவில் பயணம் போக மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 10 ரூபாய் கட்டி உள்துறை அமைச்சகத்துக்கு ஆன்லைனில் ஆர்டிஐ போடலாம். பெயரைக் கேட்டால், தனிநபர் தகவலுக்கு விலக்குத் தரும் 8(1)(ஜே) பிரிவைக் காட்டித் தட்டிக்கழிக்கக்கூடும். எந்த நாடு, எந்த மாதம், எத்தனை அனுமதி என்று முதலில் கேளுங்கள்.