இன்சூரன்ஸ் புரோக்கருக்குப் பணம் கொடுப்பது யார்? தெரியாமல் செய்யும் தவறுகள்

இன்சூரன்ஸ் புரோக்கர் மூலம் பாலிசி எடுக்கிறவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பிரீமியம் எவ்வளவு, கிளெய்ம் எத்தனை நாளில் வரும், எந்த நிறுவனம் நல்லது. "இதில் உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டால் மனுஷன் சங்கடப்படுவாரே என்ற கூச்சம் ஒரு பக்கம். நம் கையிலிருந்து தனியாக எதுவும் வாங்கவில்லையே என்ற நிம்மதி இன்னொரு பக்கம். ஆனால் இந்தத் தொழிலின் விசித்திரமே அங்கேதான் இருக்கிறது. அவர் வேலை பார்ப்பது உங்களுக்கு. பெரும்பாலும் கூலி வாங்குவது இன்சூரன்ஸ் நிறுவனத்திடம்.

ஏஜென்டும் புரோக்கரும் ஒன்றுதான் என்று நினைப்பதில் தொடங்குகிறது குழப்பம். ஏஜென்ட் நிறுவனத்தின் ஆள். அந்த நிறுவனத்தின் பாலிசியை விற்பது அவர் வேலை. புரோக்கரோ வாங்குபவர் சார்பில் பல நிறுவனங்களிடம் போய், விலையும் நிபந்தனையும் பேசி, பொருத்தமானதைக் கொண்டுவர வேண்டியவர். பேச்சில் இருவரையும் 'இன்சூரன்ஸ்காரர்' என்று சொல்லிவிடுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஏஜென்டிடம் சொன்னதை நிறுவனத்திடமே சொன்னதாகப் பல இடங்களில் எடுத்துக்கொள்ள வழி உண்டு. புரோக்கரிடம் சொன்னது, அவர் எடுத்துச் சொல்லும்வரை பொதுவாக நிறுவனத்துக்குத் தெரியாத விஷயம்தான்.

இது எப்படிக் கடிக்கும் என்று பாருங்கள். ஒருவர் துணி வைக்கும் கிடங்குக்குத் தீ விபத்துப் பாலிசி எடுக்கிறார். சில மாதங்களில் கிடங்கின் ஒரு மூலையில் பெயின்ட் டப்பாக்களும் தின்னரும் வந்து சேருகின்றன. வேறு எதற்கோ போனில் பேசும்போது, "இப்போ கொஞ்சம் பெயின்ட்டும் வச்சிருக்கோம்" என்று புரோக்கரிடம் சொல்கிறார். அவரும் "சரி சார், பார்த்துக்கலாம்" என்கிறார். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. தீப்பிடித்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பாலிசியைப் புரட்டினால் அதில் இருப்பது துணி மட்டும். "புரோக்கருக்குத் தெரியுமே!" என்பது அங்கே எடுபடாது. அவர் உங்கள் ஆள் அல்லவா, உங்களுக்குத் தெரிந்தது உங்கள் ஆளுக்கும் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்பார்கள்.

விண்ணப்பப் படிவத்திலும் இதே கதைதான். புரோக்கர் அலுவலகத்தில் யாரோ நிரப்பிக் கொடுக்கிறார்கள். நாம் கடைசிப் பக்கத்தில் பேனா வைத்துக் குறித்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். 'கடந்த ஆண்டுகளில் ஏதேனும் இழப்பு ஏற்பட்டதா' என்ற கேள்விக்கு அவர்களாகவே 'இல்லை' என்று போட்டிருந்தால், அந்த 'இல்லை' உங்களுடையது. தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற விதிக்கு வயது அதிகம். 1766-ல் இங்கிலாந்தில் கார்ட்டர் எதிர் போம் வழக்கில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு அதைத் தெளிவாகச் சொன்னார். விவரமெல்லாம் பாலிசி எடுப்பவர் கையில்தான் இருக்கிறது, நிறுவனம் அவர் சொல்வதை நம்பியே பணயம் வைக்கிறது என்பது அவர் வாதம். சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டை எதிரி கையில் விழுந்தால் ஈடு கிடைக்கும் என்று எடுக்கப்பட்ட பாலிசி அது. கடைசியில் ஜெயித்தது பாலிசி எடுத்தவர்தான். ஆனால் நிலைத்துப்போனது விதி. இன்று பல நாடுகளில் சாதாரண வாடிக்கையாளருக்கு இந்த விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் கேட்ட கேள்விக்குத் தெரிந்தோ அலட்சியமாகவோ தப்பான பதில் எழுதினால், அந்தத் தளர்வை நம்பியிருக்க முடியாது.

சரி, இனி பணத்துக்கு வருவோம். 'புரோக்கர் இலவசம்' என்பதுதான் எல்லாரும் நம்புகிற பொய். நீங்கள் 100 கட்டினால் அதில் 15 புரோக்கருக்கும் 85 நிறுவனத்துக்கும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 15 நிறுவனத்தின் பையிலிருந்து வந்ததல்ல, நீங்கள் கட்டியதில் இருந்துதான் போகிறது. விகிதம் பாலிசியின் வகை, நிறுவனம், நாட்டுச் சட்டம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். பெரிய வணிக வாடிக்கையாளர்கள் பலர் கமிஷனே வேண்டாம், இவ்வளவு கட்டணம் என்று புரோக்கரிடம் பேசி முடித்துக்கொள்கிறார்கள். சிலர் கட்டணமும் வாங்குவார்கள், கமிஷனும் வாங்குவார்கள். அப்படியானால் ஒன்றை மற்றதில் கழிக்கிறாரா என்று கேட்பது உங்கள் உரிமை.

இதைக் கேட்டதும் சிலர் எதிர்த்திசையில் ஓடிவிடுகிறார்கள். பிரீமியம் கூடினால் கமிஷனும் கூடுமே, அதனால் வேண்டுமென்றே விலை உயர்ந்ததைத் தலையில் கட்டுகிறார் என்று சந்தேகம். என் கணிப்பில் இந்தச் சந்தேகம் பாதிதான் சரி. பிரீமியத்தில் 10 ஏறினால் அவருக்குக் கிடைப்பது ஒன்றரை. அதற்காக வாடிக்கையாளரையே இழக்க எந்தப் புத்திசாலி புரோக்கரும் துணிய மாட்டார். கவனிக்க வேண்டிய இடம் வேறு. ஒரு நிறுவனம் 10 விழுக்காடும் இன்னொன்று 20 விழுக்காடும் கமிஷன் தருகிறதா? அப்புறம், வருடக் கடைசியில் 'இவ்வளவு வியாபாரம் கொடுத்தாய், கிளெய்மும் குறைவு' என்று நிறுவனம் தனியாக ஒரு தொகை தருகிறதா? உங்கள் பாலிசித் தாளில் இந்த இரண்டாவது பணம் எங்கும் தெரியாது.

இதை வைத்துத்தான் 2004 அக்டோபரில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர், உலகின் மிகப் பெரிய புரோக்கர் நிறுவனமான மார்ஷ் மீது வழக்குப் போட்டார். கூடுதல் கமிஷன் தந்த நிறுவனங்களுக்கு வாடிக்கையாளரைத் தள்ளிவிட்டார்கள், போட்டி நடந்தது போலக் காட்டப் போலியாக அதிக விலைக் கொட்டேஷன்கள் வாங்கிவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2005 ஜனவரியில் வாடிக்கையாளர்களுக்கு 850 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டு அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. நெதர்லாந்து 2013-ல் ஆயுள் காப்பீடு உள்ளிட்ட சிக்கலான நிதித் திட்டங்களுக்குக் கமிஷனையே தடை செய்து, ஆலோசனைக்கு வாடிக்கையாளர் நேரடியாகக் கட்டணம் கொடுக்க வேண்டும் என்று வைத்தது. மற்ற பல நாடுகளில் கமிஷன் நடைமுறையே தொடர்கிறது. ஆகவே கேட்க வேண்டியது நாம்தான். 'மூன்று கொட்டேஷன் கொண்டுவந்தேன்' என்று அவர் சொன்னால், எத்தனை நிறுவனங்களிடம் கேட்டார், யார் மறுத்தார்கள், ஒவ்வொன்றிலும் தனக்கு என்ன வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. நல்ல புரோக்கர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஆயுள் காப்பீட்டில் இன்னொரு நுணுக்கம். பல இடங்களில் முதல் வருடக் கமிஷன் பெரியது, அப்புறம் வருவது சிறியது. ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியை விட்டுவிட்டுப் புதியது எடுங்கள் என்று யாராவது சொன்னால், அவருக்கு மறுபடியும் ஒரு முதல் வருடம் பிறக்கிறது. உங்களுக்கோ வயது கூடியிருக்கும், பழைய பாலிசியை முறிப்பதில் நஷ்டம் இருக்கும், சில காரணங்களுக்கு ஈடு கிடைக்காத தொடக்கக் காலமான காத்திருப்புக் காலம் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கலாம். மாற்றுவது சில நேரம் நியாயமாகவே இருக்கும். ஆனால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லாமல் மாற்றாதீர்கள்.

'கமிஷனில் பாதியை எனக்குத் தள்ளிவிடுங்கள்' என்று பேரம் பேசுவதையும் சொல்ல வேண்டும். பல நாடுகளில் அது சட்ட விரோதம். இந்தியாவில் 1938-ம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-வது பிரிவு அதைத் தடுக்கிறது.

விவரம் தெரிந்தவர்களே செய்கிற தவறு ஒன்று உண்டு. போட்டி இருந்தால் விலை குறையும் என்று நான்கு புரோக்கர்களை ஒரே நேரத்தில் சந்தைக்கு அனுப்புவது. கேட்க நன்றாக இருக்கிறது, நடப்பது வேறு. நான்கு பேரும் போவது பெரும்பாலும் அதே ஐந்தாறு நிறுவனங்களிடம்தான். காப்பீடு கேட்கும் ஒரே தொழிற்சாலையின் விவரம் நான்கு பக்கமிருந்து வருகிறது. ஒருவர் தாளில் தீயணைப்புக் குழாய் இருக்கிறது, இன்னொருவர் தாளில் இல்லை. நிறுவனத்தில் விலை போடுகிறவருக்கு ஒன்று எரிச்சல் வரும், இல்லையென்றால் சந்தேகம் வரும். சில நிறுவனங்கள் முதலில் வந்த புரோக்கரோடு மட்டும் பேசும். சில, நான்கு பேருக்கும் ஒரே விலையை அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடும். இரண்டு மூன்று புரோக்கர்களை நேரில் பார்த்துப் பேசி ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவருக்கு மேல் வேண்டும் என்றால், யார் எந்த நிறுவனத்திடம் போக வேண்டும் என்பதைப் பிரித்து எழுதிக் கொடுங்கள்.

அப்போது ஒரு காகிதத்தைக் கவனிக்க வேண்டும். "விலை கேட்க ஒரு லெட்டர் வேணும் சார், வேற ஒண்ணுமில்ல" என்று புதிய புரோக்கர் நீட்டுவார். வாசித்துப் பார்த்தால் 'இன்று முதல் எங்கள் புரோக்கராக இவரை மட்டும் நியமிக்கிறோம், முந்தைய நியமனங்கள் ரத்து' என்று இருக்கும். அது போய்ச் சேர்ந்ததும் பழைய புரோக்கரோடு நிறுவனம் பேசுவதை நிறுத்திவிடும். நடுவில் ஒரு கிளெய்ம் இருந்தால், அதை யார் பார்ப்பது என்று இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

பிரீமியத்தைப் புரோக்கர் கணக்கில் போட்டதும் பாலிசி தொடங்கிவிட்டது என்று நினைப்பதும் அவசரம். சில ஏற்பாடுகளில் புரோக்கரிடம் கொடுத்தாலே நிறுவனத்திடம் கொடுத்ததாக ஆகும், சிலவற்றில் ஆகாது. எது உங்களுடையது என்று கேட்டுக்கொண்டு, நிறுவனத்தின் உறுதிச் சான்று கைக்கு வரும்வரை விடாதீர்கள். புதுப்பிக்கும் தேதிக்கு முந்தைய நாள் போன் போட்டு "நல்ல விலை பாருங்க" என்பதும் வீண். சந்தையைச் சுற்றிவர அவருக்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும்.

கிளெய்மைப் பொறுத்தவரை, பணம் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது புரோக்கர் அல்ல. நேரத்தில் தெரிவிப்பது, காகிதம் சேர்ப்பது, நிறுவனம் தப்பாக மறுத்தால் வாதாடுவது, இவைதான் அவர் பக்கம். ஆனால் கமிஷனில் இந்த வேலையெல்லாம் அடக்கமா என்பது புரோக்கருக்குப் புரோக்கர் வேறுபடும். பாலிசி எடுக்கும்போதே கேளுங்கள்.

புரோக்கரே தவறு செய்தால்? கிடங்குக்காரர் பெயின்ட் விஷயத்தைச் சொன்னது நிரூபணமானால், அதை எடுத்துச் செல்லாத புரோக்கர் மீது அவர் இழப்பீடு கோரலாம். இதற்காகவே பல நாடுகளில் புரோக்கர்கள் தங்களுக்கென்று தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இருக்கிறது. ஆனால் போனில் சொன்னதை எப்படி நிரூபிப்பது? பேசி முடித்ததும், 'இன்று பேசியபடி, கிடங்கில் பெயின்ட்டும் தின்னரும் வைத்திருக்கிறோம், நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பதில் அனுப்பவும்' என்று இரண்டு வரி மெயில் போடுங்கள். "அதான் போன்லயே சொல்லிட்டீங்களே சார், எதுக்கு மெயில்" என்று அவர் சிரித்தாலும் போடுங்கள்.