விண்டோஸ் 11-க்கு மாறிய பின் மடிக்கணினியில் வைஃபை மந்தமானால்: படிப்படியான செய்முறை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்ததால், வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். வேலை தடங்கலின்றி முடிந்தது. மறுநாள் மாலை, காட்பாடியில் பொறியியல் படிக்கும் அக்கா மகள் அதில் இணைய வகுப்பைத் திறந்துவிட்டு, "மாமா, என் போனில் நன்றாக வருகிறது, இதில் மட்டும் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?" என்று கேட்டாள். அதற்கு விடை காண எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. வரிசையாகப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று இப்போது தெரிவதால், அந்த வரிசையை எழுதி வைக்கிறேன்.

படி 1: குறை மடிக்கணினியில்தானா?

மடிக்கணினி இருக்கும் அதே மேசையில் கைப்பேசியை வைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் வேகத்தைச் சோதியுங்கள். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு நொடிக்கு 100 மெகாபிட் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. கைப்பேசி 90-க்கு மேல் காட்டியது. மடிக்கணினி 7-ஐத் தாண்டவில்லை. இரண்டுமே மந்தமாக இருந்தால் குறை இணைப்பிலோ ரவுட்டரிலோ இருக்கிறது. மடிக்கணினியைத் தொட வேண்டாம்.

மேம்படுத்திய முதல் ஓரிரு நாட்களில் பின்னணியில் பல கோப்புகள் இறங்கிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'நெட்வொர்க்' பத்தியைப் பாருங்கள்; அங்கே ஏதேனும் ஒரு நிரல் இணைப்பை விழுங்கிக்கொண்டிருந்தால், அது முடியும் வரை பொறுத்திருந்து மீண்டும் சோதிப்பதே சரி.

படி 2: இரண்டு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'வைஃபை' என்று சென்று, இணைந்திருக்கும் வைஃபையின் 'ப்ராப்பர்டீஸ்' பக்கத்தைத் திறந்து, அதன் அடிப்பகுதியில் 'லிங்க் ஸ்பீட்', 'நெட்வொர்க் பேண்ட்' ஆகிய இரண்டையும் பாருங்கள். லிங்க் ஸ்பீட் என்பது மடிக்கணினியும் ரவுட்டரும் தமக்குள் பேசிக்கொள்ளும் வேகமே தவிர, இணைய வேகம் அன்று. நடைமுறையில் அதில் ஏறத்தாழ பாதிதான் பயனுக்குக் கிடைக்கும். நெட்வொர்க் பேண்ட் என்பது வைஃபை இயங்கும் அலைவரிசை; வீட்டு ரவுட்டர்களில் பொதுவாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு இருக்கும். எனக்கு 72 மெகாபிட் என்றும், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றும் காட்டியது. மேம்படுத்துவதற்கு முன் இதே மடிக்கணினி 5 கிகாஹெர்ட்ஸில் 866 மெகாபிட் காட்டியது எனக்கு நினைவிருந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) இருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று படியாமல் ஒரே நேரத்தில் இயங்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. பட்டியலைத் திறந்தால் பதினேழு வைஃபை பெயர்கள் தெரிகின்றன. அத்தனையும் அந்த மூன்று பாதைகளில் முறை வைத்துக் காத்திருப்பதால்தான், 72 என்று காட்டிய இணைப்பில் 7 மட்டுமே கைக்கு வந்தது.

படி 3: டிரைவர் (இங்கேதான் நான் இடறினேன்)

டிரைவர் என்பது விண்டோஸ் வைஃபை கருவியை இயக்க உதவும் சிறு மென்பொருள். 'டிவைஸ் மேனேஜர்', 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்று சென்று, வைஃபை கருவியின் மேல் வலச்சொடுக்கி 'ப்ராப்பர்டீஸ்' திறந்து, 'டிரைவர்' பகுதியில் தேதியையும் பதிப்பு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் இயங்கும் நிலையில் இருந்தால் அதை அழுத்திப் பார்ப்பதே எளிய வழி. எனக்கு அது மங்கியிருந்தது. ஆகவே டிரைவரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவலாம் என்று 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்தேன். அப்போது, டிரைவரையும் சேர்த்து நீக்க முயலவா என்று கேட்கும் சிறு கட்டத்தில் குறியும் இட்டுவிட்டேன். மடிக்கணினியை மறுபடி இயக்கியபோது வைஃபை என்ற சொல்லே திரையில் இல்லை. புதிய டிரைவரை இறக்க இணையம் வேண்டும்; இணையம் வர டிரைவர் வேண்டும்.

ஆகவே நீக்குவதற்கு முன்பே டிரைவர் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையோ தொடர் எண்ணையோ கொண்டு, அதைத் தயாரித்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் விண்டோஸ் 11-க்கான வைஃபை டிரைவரைத் தேடுங்கள். டிரைவர்களைத் தாமே தேடிப் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை நிறுவும் டிரைவர் எங்கிருந்து வந்தது என்பதை நம்மால் சரிபார்க்க முடியாது.

ஏற்கெனவே நீக்கிவிட்டவர்கள் கலங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, அதில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால், கைப்பேசியின் இணையம் மடிக்கணினிக்கு வந்துவிடும். கேபிள் தகவலையும் கடத்தக்கூடியதாக இருக்க வேண்டும். நான் முதலில் எடுத்த கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்பட்டது என்பதைக் கண்டறியவே அரை மணி நேரம் ஆனது.

படி 4: 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தல்

புதிய டிரைவரை நிறுவிய பிறகும் வேகம் 7-லேயே நின்றது. என் சிக்கலைத் தீர்த்தது இந்தப் படிதான். டிவைஸ் மேனேஜரில் திறந்த அதே 'ப்ராப்பர்டீஸ்' சாளரத்தில் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குச் சென்று 'ப்ரிஃபர்டு பேண்ட்' என்பதைத் தேடுங்கள். சில்லுக்கு ஏற்பப் பெயர் சற்று மாறலாம். முன்பு நானே 5 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்திருந்த தேர்வு, மேம்படுத்தியபோது 'விருப்பம் எதுவுமில்லை' என்ற தொடக்க நிலைக்குத் திரும்பியிருந்தது. எங்கள் ரவுட்டரில் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் என்பதால், மடிக்கணினி 2.4-ஐப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. 5-ஐத் தேர்ந்தெடுத்து, வைஃபையை அணைத்து மீண்டும் இயக்கியதும் லிங்க் ஸ்பீட் 866 ஆயிற்று. வேகச் சோதனை 92 காட்டியது.

இந்தத் தேர்வு உங்கள் கருவியில் இல்லையென்றால், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, மடிக்கணினியை 5-இன் பெயரோடு மட்டும் இணையுங்கள். எனக்கு இந்த முறையே கூடுதலாகப் பிடித்திருக்கிறது, ஏனெனில் அடுத்த மேம்படுத்தல் வந்தாலும் இது கலையாது.

படி 5: மின்சேமிப்பு

சார்ஜரைக் கழற்றியதும் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால், அதே சாளரத்தின் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரம் சேமிக்க இக்கருவியை அணைக்கலாம் என்ற வரியின் குறியை நீக்குங்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்தப் பகுதியே தெரியாது, அது குறையன்று.

'நெட்வொர்க் ரீசெட்' என்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அது நெட்வொர்க் அமைப்புகள் அனைத்தையும் தொடக்க நிலைக்குக் கொண்டு செல்வதால், கடவுச்சொற்களைத் தாளில் எழுதி வைத்த பிறகே அதைத் தொட வேண்டும்.

பின்சேர்க்கை 1: ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகர், கனமான சுவர்கள் கொண்ட தம் பழைய வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் பின்கட்டு வரை எட்டவில்லை என்று எழுதியிருந்தார். அலைவரிசை உயர உயரச் சுவரைக் கடக்கும் திறன் குறையும். ரவுட்டரை இரும்பு பீரோவின் மேலிருந்து எடுத்து நடுக்கூடத்தில் உயரமாக வைக்கச் சொன்னேன். அப்போதும் எட்டாத அறையில் 2.4-ஐயே வைத்துக்கொண்டு, 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பின்சேர்க்கை 2: குடியாத்தம் வாசகருக்கு, காப்புப்படி எடுக்கும்போது மட்டும் வேகம் விழுந்தது. யூஎஸ்பி 3.0 வழியாக இயங்கும் வெளிப்புற வன்தட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்கும். வன்தட்டை நீளமான கேபிளால் மடிக்கணினியிலிருந்து தள்ளி வைத்ததும் அவருக்குச் சரியாகிவிட்டது. ப்ளூடூத் காதணிபேசியும் அதே அலைவரிசையில் இயங்குவதால், 2.4-இல் இருப்பவர்கள் அதையும் ஒருமுறை அணைத்துச் சோதித்துப் பாருங்கள்.