பில் பணம் நிலுவையா? உத்யம் பதிவைப் பாருங்கள்

சரக்கை வாங்கிக்கொண்டு பணத்துக்கு இழுத்தடிக்கிறார்களா? வக்கீலிடம் போகும்போது உத்யம் சான்றிதழையும் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எடுத்துப் போங்கள். குறு, சிறு உற்பத்தி மற்றும் சேவை நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டம் நல்ல பிடி தருகிறது. ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் செல்லாது. எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக! வழக்கை, இப்படி நிலுவைப் பணத் தகராறுகளை விசாரிக்கும் மாநில வசதியாக்கக் கவுன்சிலில், இணையம் வழியாகவே போடலாம். அங்கே வரும் தீர்ப்பை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக, சரக்கு வாங்கியவர் முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டியாக வேண்டும். பல கம்பெனிகள் இந்த இடத்தில்தான் பேச்சுவார்த்தைக்கு இறங்கும். ஆர்டர் எடுக்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். அப்புறம் செய்தால் பழைய பில்லுக்குச் சிக்கல் வரும்.